அண்ணாமலை என்பது மலையா, சாமியா, சினிமாவா? இணையத்தைப் படித்துக் கணினி கற்றுக்கொள்வது எப்படி?

திருவண்ணாமலை ராஜகோபுரம் எத்தனை அடின்னு செல்போனில் கேட்டால், 217 அடி என்று நொடியில் பதில் வருகிறது. இப்படி ஒவ்வொரு தகவலையும் மனிதர்களே உட்கார்ந்து கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியாது. அதனால், இணையத்தில் இருப்பதைப் படித்து அதுவே கற்றுக்கொள்ளப் பழக்குகிறார்கள்.

முன்னோடி யார்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர், 2010 ஜனவரியில் 'நெல்' என்ற நிரலை ஓடவிட்டனர். நம்ம ஊர் நெல் இல்லைங்க. 'ஓயாமல் மொழி கற்கும் நிரல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 24 மணி நேரமும் இணையப் பக்கங்களைப் படிப்பதுதான் அதன் வேலை. அதே ஆண்டு அக்டோபருக்குள் சுமார் 3,90,000 தகவல்களைச் சேர்த்தது. அதில் 87 சதவீதம் சரி என மதிப்பிடப்பட்டது.

எப்படிக் கற்கிறது?

முதலில் சில உதாரணங்கள் கொடுப்பார்கள். 'மதுரையில் உள்ள மீனாட்சி அம்மன் கோயில்', 'திருவண்ணாமலையில் உள்ள அருணாசலேஸ்வரர் கோயில்' என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஊர்ப்பெயர், 'உள்ள', கோயில் என்ற ஒரே அமைப்பு இருப்பதைக் கணினி கவனிக்கிறது. அடுத்து 'சிதம்பரத்தில் உள்ள நடராஜர் கோயில்' என்று படித்தால், சிதம்பரம் ஓர் ஊர் எனத் தானே குறித்துக்கொள்கிறது. பல பக்கங்களில் அதையே பார்த்தால் நம்பிக்கை கூடுகிறது.

எங்கே தடுமாறும்?

'அண்ணாமலை' என்பது மலை, சுவாமி, 1992-இல் வந்த ரஜினி படம், ஆட்களின் பெயர். சிதம்பரத்தில் அதே பெயரில் பல்கலைக்கழகமும் உண்டு. எது எதுன்னு அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் கணினி ஊகிக்க வேண்டும். இன்னொரு பக்கம், அருணாசலேஸ்வரரும் அண்ணாமலையாரும் ஒருவரே என்றும் அதற்குத் தெரிய வேண்டும். 'நெல்' நிரலே ஒருமுறை இணையதளங்கள் நம் கணினியில் சேமிக்கும் 'குக்கீஸ்' கோப்புகளை, பேக்கரி பிஸ்கட் வகையில் சேர்த்துவிட்டது. கடைசியில் மனிதர்கள்தான் திருத்தினார்கள்.

இப்போதைய ஏஐ?

இன்றைய சாட்பாட்கள் தகவல்களைப் பட்டியல் போட்டு வைப்பதில்லை. ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து வரும் சொல்லைக் கணித்துப் பழகியவை. ஆனால் படிக்கும் இடம் பெரும்பாலும் அதே இணையம்தான். தமிழில் ஆங்கில அளவுக்குப் பக்கங்கள் இல்லாததால், ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பும் குறைவு.

நமக்கு என்ன கவலை?

ஒரு தவறான தகவலைப் பத்து தளங்கள் அப்படியே நகலெடுத்தால், பத்து சாட்சிகள் சொன்னதாகக் கணினி எடுத்துக்கொள்ளலாம். ராஜகோபுரத்தின் உயரம் மாறாது. பௌர்ணமி கிரிவல நேரம் மாதாமாதம் மாறும். பழைய பக்கத்தில் இருந்த நேரத்தைக் கணினி சொல்லி, அதை நம்பிக் குழந்தைகளோடு 14 கிலோமீட்டர் நடக்கக் கிளம்பினால் சிரமம் நமக்குத்தான்.

எனவே மாறக்கூடிய தகவல் என்றால், பதிலோடு தேதியையும் பாருங்க. கிரிவல நேரத்துக்குக் கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பே சரியான வழி.