இரு மலைகளின் இரும்பு

கோலாரின் பொன்னைப் பற்றி நம்மவருள் அறியாதார் இலர். அச்சுரங்கங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் பலர் இன்று பெங்களூரில் நம்மிடையே வாழ்கின்றனர். ஆயின், பொன்னினும் பயன் மிக்க இரும்பின் வரலாற்றிலும் சேலத்தையும் கன்னட நாட்டையும் பிணைக்கும் இழை ஒன்று உண்டு. அது பெங்களூர் வழியாகவே செல்கின்றது. அதனை ஈண்டுச் சிறிது காண்போம்.

இரும்புக் கனிமங்களுள் காந்தத் தன்மை மிக்கது மேக்னடைட். தூய மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு உண்டு. தென்னாட்டு மலைகளிலோ அது வெங்கச்சங்கல்லோடு வரிவரியாகக் கலந்து கிடைத்தலின், வெட்டியெடுக்கும் பாறையில் 35 முதல் 40 பங்கே இரும்பு தேறும். முற்கால ஆய்வாளர்க்குச் சுத்தியும் திசைகாட்டியுமே துணை. வடக்கு நோக்க வேண்டிய முள் தடுமாறினால், அருகில் இக்கனிமம் உண்டோ என ஐயுற்றுத் தேடுவர். பாறை வரி செல்லும் திசையை நிலப்படத்தில் குறிப்பர். துளையிட்டு மாதிரி எடுத்து அளவும் தரமும் கணித்தல் அடுத்த படி.

சேலத்துக் கஞ்சமலையில் இவ்வரிகள் மலைக்கு ஒட்டியாணம் பூட்டினாற்போல் சுற்றிவருகின்றன. ஓடைகளில் மழைநீர் ஒதுக்கிய கருமணலை அள்ளிச் சிற்றுலைகளில் உருக்கிய நம் முன்னோர் அறிந்த செல்வமே இது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் ஆலை நிறுவிச் சேலத்துக் கனிமத்தை உருக்க முயன்றார். உலைக்கு வேண்டிய மரக்கரிக்குக் காடு ஈடுகொடுக்கவில்லை. அந்நூற்றாண்டிலேயே ஆலை ஓய்ந்தது.

1860களில் வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் இருவரும் சேலம் வட்டாரத்தை அளந்து, கஞ்சமலை உள்ளிட்ட மலைகளின் மேக்னடைட் வரிகளை விரித்தெழுதினர். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இந்த ஃபூட்டே. 1894-இல் மைசூர் அரசு தனக்கென ஒரு நிலவியல் துறையை அமைத்தபோது, அதன் பொறுப்பை ஏற்றவரும் அவரே. சேலத்து மலைகளில் பழகிய கண் இவ்வாறு பெங்களூர்த் துறைக்கு வழிகாட்டிற்று.

அத்துறையைச் சேர்ந்த பி. சம்பத் ஐயங்கார் 1913-இல் குதிரைமுக மலைத்தொடரில் மேக்னடைட் படிவுகளைக் கண்டறிந்தார். வழியற்ற காடும் மாதக்கணக்கில் கொட்டும் மழையும் உடைய இடம் அது. 1923-இல் பத்ராவதி உலை எரிந்தபோதும், எளிதில் உருகும் கெம்மண்ணுகுண்டிக் கனிமமே அதற்கு ஊட்டப்பட்டது. கண்டறியப்பட்ட செல்வம் காத்துக் கிடந்தது.

காலம் கனிந்தது. பாறையைப் பொடியாக்கிக் காந்தத்தால் இரும்பைப் பிரிக்கும் முறை வளர்ந்தது. ஈரானின் கடனுதவியை நம்பி 1976-இல் குதிரைமுக நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 1979-இல் ஈரானில் புரட்சி வெடித்தமையால் அத்துணை இடையில் நின்றது. எனினும் 1980-இல் பணி நிறைவுற்றது. 67 பங்கு இரும்பு செறிந்த பொடி, நீரோடு குழம்பாகி, ஏறத்தாழ 67 கிலோமீட்டர் குழாய்வழியே மங்களூர்த் துறையை அடைந்தது.

ஆயின் அம்மலைத்தொடரே துங்கைக்கும் பத்திரைக்கும் நேத்திராவதிக்கும் தாய்வீடு. கிளறப்பட்ட மண் மழையில் கரைந்து பத்திரையில் இறங்கியது. மக்கள் முறையிட்டனர். 2002-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2005 இறுதியில் சுரங்கம் நின்றது. அறுபத்தேழு ஆண்டு காத்திருந்த கனிமம் இருபத்தைந்து ஆண்டே தோண்டப்பட்டது.

கஞ்சமலையின் கதை வேறு. அதன் கனிமத்தையும் நெய்வேலி நிலக்கரியையும் சேர்த்து உருக்காலை காணத் தமிழகம் கனவு கண்டது. 1970-இல் அடிக்கல்லும் நாட்டப்பெற்றது. எழுந்ததோ, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலை.

இவ்விரு மலைகளும் நமக்குரைப்பது யாது? கண்டறிதல் அறிஞர் பணி. எடுப்பதா விடுப்பதா என்பது மக்கள் பணி. பரங்கிப்பேட்டையில் காடு குறுகியது. குதிரைமுகத்தில் ஆறு கலங்கியது. இரும்பின் விலையோடு காட்டின் விலையையும் நீரின் விலையையும் கூட்டிப் பார்த்தே நாடு தீர்மானித்தல் வேண்டும். அதற்கும் அந்நிலவியலார் நடந்து நடந்து எழுதிய குறிப்புகளே அடிப்படை. தோண்டினும் தோண்டாவிடினும் அவ்வறிவு வீணாவதன்று. அவர்தம் உழைப்பைப் பிறந்த மண்ணிலும் புகுந்த மண்ணிலும் வளரும் நம் இளைஞர்க்கு எடுத்துரைப்போமாக!