சாத்தியது எந்தக் கதவு?

பேஸ்பாலில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பிட்சர் ஆட்டத்தை முடித்தால் அது ஷட்அவுட். இச்சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததென்று சிலர் எழுதிவைக்க, பலரும் அதையே ஒப்பிக்கிறார்கள். பந்தயம் கட்ட வந்தவன் தாமதித்தான், சீட்டு ஜன்னல் மூடிவிட்டது, அவன் ‘ஷட்அவுட்’ ஆனான் என்பது கதை. சீட்டே வாங்காதவன் ஆட்டத்தில் இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் மட்டை பிடித்து வெறுங்கையாய்ப் போனவனுக்கு அவன் எப்படி உவமையாவான்?

இந்த வினைக்குப் பந்தயத் திடல் தேவையே இல்லை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், எண்ணாகமம் 12இல், மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே வைக்கப்படுவதைச் சொல்வதும் இதே ‘ஷட் அவுட்’தான். உள்ளே வர உரியவரை வெளியே நிறுத்துவதே இதன் பொருள். மட்டையாளன் ஆட்டமிழக்கும் ‘அவுட்’டோடு இதைக் குழப்புவோருக்குப் பதில் சொல்லி நேரம் கழிக்க விருப்பமில்லை.

சொல்லுக்கு முன்னோர் உண்டு. பேஸ்பாலின் தொடக்கக் காலத்தில் ரன்கள் மலிவு, பூஜ்யம் அதிசயம். 1870 ஜூலை 23 அன்று நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணி, சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸை 9-0 என்று வீழ்த்தியது. ஊர்ப்பெயரே வினையாகி, ரன்னின்றித் தோற்ற அணியையெல்லாம் ‘சிகாகோடு’ என்றார்கள். 1876இல் நேஷனல் லீக் பிறந்தபோது அதன் முதல் ஷட்அவுட்டை வீசியவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். லூயிவில் அணியை 4-0 என்று வென்ற அவரது அணி எது தெரியுமா? அதே சிகாகோ!

‘ஒயிட்வாஷ்’ இன்னொரு பழஞ்சொல். நம் விளையாட்டுப் பக்கங்கள் அதைக் கிரிக்கெட் தொடர் முழுவதும் தோற்பதற்கு எழுதுகின்றன. பேஸ்பாலில் அது ரன்னே இல்லாமை. பூஜ்யத்துக்கு ‘வாத்து முட்டை’ என்றும் அங்கே பெயர். நம் பள்ளிப் பையன்களும் முட்டைதான் வாங்குகிறார்கள். டென்னிஸின் ‘லவ்’ பிரெஞ்சு முட்டை என்பாரும் உளர், விடுங்கள்.

ஷட்அவுட் பிட்சரின் கணக்கில் ஏற, முழு ஆட்டத்தையும் அவர் ஒருவரே வீச வேண்டும். இருவர் பகிர்ந்தால் அணிக்கு மட்டுமே பெருமை. வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சன் 1907 முதல் 1927 வரை 110 ஷட்அவுட் வீசினார். விதிக்கு ஒரு விலக்கு உண்டு: முதல் இன்னிங்ஸில் யாரும் ஆட்டமிழக்குமுன், ரன் விழுமுன் நுழைந்து, மீதியை முடித்தவருக்கும் அது சேரும். 1917 ஜூன் 23 அன்று, முதல் மட்டையாளனை நடையில் விட்டு நடுவரோடு சண்டையிட்டு வெளியேற்றப்பட்ட பேப் ரூத்துக்குப் பதிலாக எர்னி ஷோர் வந்து முடித்தது அப்படித்தான்.

இனி என் கட்சி. இந்த ஆட்டத்தில் ரன் என்பது ஹோமிலிருந்து புறப்பட்டு, மூன்று பேஸ் சுற்றி, மீண்டும் ஹோம் சேர்வது. ‘ஹோம்’ பிற்கால ஒட்டுச்சொல்லும் அன்று: லண்டனில் ஜான் நியூபெரி 1744இல் வெளியிட்ட சிறுவர் நூலின் பேஸ்பால் பாட்டிலேயே, ஓடும் பையன் ஹோம் திரும்புகிறான். திரும்ப வேண்டியது வீட்டுக்கு என்றால், ஒருவனையும் திரும்பவிடாத பிட்சர் அடைத்தது அந்த வீட்டுக் கதவைத்தானே? 1870களின் செய்தியாளர் எவரும் இதை விளக்கி எழுதிவைக்கவில்லையே என்பார்கள். பேசுகிறவனுக்கு விளங்கும் சொல்லுக்கு யார் உரை எழுதுவார்? ஷட்அவுட் வீட்டில் பிறந்த சொல். குதிரை லாயத்தில் அதற்கு இடமில்லை.