கொள்ளிடக் கரையில் பல் துலக்கிய வழக்கம்

குச்சியை மென்று பல் துலக்குவதை விடியற்காலைக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது, பதினெண்கீழ்க்கணக்கு நூலான ஆசாரக்கோவை. கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, வேலங்குச்சி ஆகியவை நெடுங்காலம் புழங்கின. நுனியை மென்றால் நார் பிரிந்து தூரிகை போலாகும். ஆல், வேல் பட்டைகளின் துவர்ப்பு ஈற்றை இறுக்கும்.

வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாயும் நெல் வயல்களில் உமிக்குப் பஞ்சமில்லை. அதைக் கருக்கிப் பொடித்து, உப்புச் சேர்த்தால் உமிக்கரி. உமியில் உள்ள சிலிக்கா கறையை நன்றாகவே எடுக்கும். ஆனால் நறநறவென்ற பொடியை அழுத்தித் தேய்த்தால் எனாமலும் தேயும். பின்பு குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசும்.

குச்சி வழக்கத்தின் மிகச் சிறந்த பகுதி, துலக்கி முடித்தபின் அதை இரண்டாகக் கிழித்து நாக்கை வழிப்பதுதான். வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது பிறப்பது வாயிலேயே: நாக்கின் பின்பகுதியில் படியும் மாவிலும், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளங்களிலும். காற்றுப் புகாத அந்த இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் ஆகிய கந்தக வாயுக்கள் வெளிப்படுகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் காலையில் நாற்றம் மிகும். பிரஷும் பற்பசையும் வந்தபின் பல வீடுகளில் நாக்கு வழிப்பது விட்டுப்போனது பெரிய இழப்பு.

நாற்றத்தை மறைக்க உண்டபின் தாம்பூலம் தரித்தார்கள். வெற்றிலையும் கிராம்பும் ஏலமும் மணம் தரும். ஈறு நோயை அவை தீர்ப்பதில்லை. பாக்கு, வாயின் உட்சதையை நாராக இறுகச் செய்து, வாயைத் திறக்கவே முடியாத நிலைக்குக் கொண்டுபோகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் கேடு இன்னும் கூடும்.

பல்வலிக்குக் கிராம்பை வைத்துக் கடிப்பது வீட்டு வைத்தியம்; அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தை அப்படியே இருக்கும். ஈற்றில் ரத்தம் கசிந்தாலோ நாற்றம் நீடித்தாலோ கெட்டிப்பட்ட காறையை மருத்துவர்தான் நீக்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்குச் சிதம்பரத்திலேயே வழி பிறந்தது 1980இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது. 2021இல் அது தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து அரசு பல் மருத்துவக் கல்லூரியானது.