மிகை நடிப்பு

தமிழ் மேடையிலும் திரையிலும் உணர்ச்சியை வாழ்க்கையில் காணும் அளவுக்கு மேல் உரத்தும் விரித்தும் காட்டும் முறை. இன்று ‘ஓவர் ஆக்டிங்’ என்று குறையாகவே பேசப்படும் இது, நெடுங்காலம் நடிகர் பழகித் தேற வேண்டிய தொழிலாக இருந்தது.

உணர்ச்சி உடலில் தெரியும் விதத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காகச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதில் பேச்சு மிகையைப் பற்றியதல்ல. மிகைக்குத் தேவை வந்தது களத்தில்தான். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனனின் கோபம் தெரிந்தாக வேண்டும். அடர்ந்த அரிதாரம், அகன்ற கிரீடம், துள்ளி ஆடும் அடவு எல்லாம் அதற்கு உதவின.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாலர் நாடகக் குழுக்கள் இந்தத் தேவையைப் பயிற்சியாக்கின. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழுக்கு அந்த எட்டும் குரல் பெரிய காரணம். இப்படித் தேறிய நடிகர்களே 1931-க்குப் பின் பேசும் படங்களுக்கு வந்தார்கள். மைக் பக்கத்திலேயே வந்துவிட்டது. தொண்டை மட்டும் கொட்டகையை மறக்கவில்லை.

‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சி இந்த மரபின் உச்சிகளில் ஒன்று. மு. கருணாநிதியின் அடுக்குமொழி வசனத்தைத் தணிந்த குரலில் பேசினால் அது உயிரற்றுப் போகும். எழுத்தே உரத்த நடிப்பைக் கேட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அதே கருணாநிதியின் வசனத்தோடு ‘மனோகரா’வாக 1954-இல் வந்தபோது, சங்கிலியில் கட்டுண்டு முழங்கினார் சிவாஜி கணேசன். அவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாது என்பவர்கள், அதே ஆண்டில் வந்த, பாடலே இல்லாத ‘அந்த நாள்’ படத்தைப் பார்க்கலாம். அளவு தெரிந்தேதான் மீறினார்.

‘16 வயதினிலே’ (1977) கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனது. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) வசனத்தைக் குறைத்து, முகத்தை நெருங்கிப் பார்த்தது. இதன் பிறகே பழைய முறை பரவலாகக் கேலிக்குள்ளானது. ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜியே தணிந்த குரலில் நடித்தார்.

தொலைக்காட்சித் தொடர்களில் மிகை மீண்டும் குடியேறியது, வேறு வழியாக. அங்கே மாமியார் அதிர்ச்சியில் சும்மா நின்றால் போதும். கேமரா அவர் முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டும், பின்னணி இசை இடிக்கும். நடிகரின் உழைப்பைப் படத்தொகுப்பு எடுத்துக்கொண்டுவிட்டது.