அறுவடையும் ரொக்கமும்: அமெரிக்க மைய வங்கியின் வேளாண் வேர்கள், 1863–1933

அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலான நூல்கள் நம்மை ஒரு தீவில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. 1910 நவம்பரில் ஜார்ஜியா கடற்கரையை ஒட்டிய ஜெக்கில் தீவில், செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச்சும் பால் வார்பர்க், ஃபிராங்க் வான்டர்லிப், ஹென்றி டேவிசன் முதலான வங்கியாளர்களும் வாத்து வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கூடினார்கள். ஒரு மைய வங்கித் திட்டத்தை எழுதி முடித்துத் திரும்பினார்கள். நடந்த கதைதான், சுவையான கதையும்கூட. அந்தச் சுவையே அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

வரலாற்றாசிரியர்களிடையே இதில் ஒத்த கருத்து இல்லை. கேப்ரியல் கோல்கோ (1963), ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் (1986) ஆகியோர் பெருநிறுவனங்களும் நியூயார்க் வங்கிகளும் தம் தேவைக்கு உருவாக்கிக்கொண்ட அமைப்பாக இதைப் பார்த்தனர். எலிசபெத் சாண்டர்ஸ் (1999) தெற்கு, மேற்கு மாநில உழவர் அரசியலின் கைவண்ணத்தை அதில் கண்டார். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பையும் ஆண்டுதோறும் உலுக்கிய ஒரு விஷயம் இருந்தது: அறுவடைக் காலத்துப் பணமுடை. உழவர்களின் பண அரசியலில் இரண்டு கோரிக்கைகள் பின்னிக் கிடந்தன. பருவத்துக்கு ஏற்ற பணம் என்ற முதல் கோரிக்கை 1913-இல் சட்டமானது. விளைபொருளுக்கு விலை விழாதிருக்கக் கடன் என்ற இரண்டாவது, மேலும் இருபது ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

இரண்டாம் ஐக்கிய நாடுகள் வங்கியின் உரிமம் 1836-இல் முடிந்தபின் அமெரிக்காவில் மைய வங்கி என்று ஒன்று இல்லை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863, 1864 ஆண்டுகளின் தேசிய வங்கிச் சட்டங்கள் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான நோட்டைக் கொண்டுவந்தன. ஒரு வங்கி நோட்டு வெளியிட வேண்டுமானால் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி ஈடாக வைக்க வேண்டும். பத்திர மதிப்பில் 90 விழுக்காடு வரை நோட்டு கிடைக்கும். போருக்குப் பணம் திரட்டக் கெட்டிக்கார வழி. ஆனால் நாட்டின் நோட்டுப் புழக்கம் வணிகத்தின் தேவையோடு கட்டப்படாமல், அரசின் கடன் அளவோடு கட்டப்பட்டுவிட்டது. 1880-களில் சுங்க வருவாய் குவிந்து அரசு தன் கடனை அடைக்கத் தொடங்கியதும், உற்பத்தி பெருகிக்கொண்டிருந்த நாட்டில் தேசிய வங்கி நோட்டுகள் பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கின. ரயிலும் எஃகும் பெருகப் பெருகப் பணம் குறைந்த விந்தை இது.

இதைவிட ஆபத்தானது கையிருப்பு விதி. கிராமப்புறத் தேசிய வங்கி, வைப்புத் தொகையில் 15 விழுக்காட்டைக் கையிருப்பாக வைக்க வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்கை நகர வங்கியில் போட்டு வைக்கலாம். நகர வங்கியின் கையிருப்பு 25 விழுக்காடு. அதில் பாதியை நியூயார்க்கில் போட்டு வைக்கலாம். ஒரே டாலர் இரண்டு, மூன்று வங்கிகளின் ஏட்டில் கையிருப்பாக நிற்கும். நியூயார்க் வங்கிகள் அப்பணத்துக்கு வட்டி கொடுத்து இழுத்தன. வட்டி கொடுத்த பணத்தைச் சும்மா வைத்திருக்க முடியுமா? கேட்ட நாளில் திருப்பித் தர வேண்டிய அழைப்புக் கடனாகப் பங்குச் சந்தைத் தரகர்களுக்குக் கொடுத்தன. கான்சாஸ் சிற்றூர் வங்கியின் பாதுகாப்புப் பணம் இப்படி வால் தெருவின் பங்குச் சூதாட்டத்துக்கு எரிபொருளாயிற்று.

கோடையில் எல்லாம் சுமுகமாக இருக்கும். குளிர்காலக் கோதுமையின் அறுவடை ஜூன், ஜூலையில். டகோட்டா, மினசோட்டா பக்கத்து வசந்தகாலக் கோதுமை ஆகஸ்ட், செப்டம்பரில். தெற்கே பருத்தி எடுப்பு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. கதிரடிக்கும் கூலியாட்களுக்கும் பருத்தி எடுப்பவர்களுக்கும் காசோலை செல்லாது; கையில் நோட்டும் நாணயமும் வேண்டும். தானியத்தை வாங்கும் வியாபாரி களத்திலேயே பணம் எண்ணித் தர வேண்டும். உள்ளூர் வங்கி நகர வங்கிக்குத் தந்தி அடிக்கும், நகர வங்கி நியூயார்க்குக்கு அடிக்கும், நோட்டுக் கட்டுகள் ரயிலேறி மேற்கேயும் தெற்கேயும் போகும். நியூயார்க்கில் தரகர் கடன்கள் திரும்பக் கேட்கப்படும், வட்டி எகிறும். சாதாரண ஆண்டில் இது ஓர் இறுக்கம் மட்டுமே. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நிறுவனம் சாய்ந்தால் பீதிதான். 1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி நிறுவனம் மூடப்பட்டபோது நியூயார்க் பங்குச் சந்தை பத்து நாள் அடைபட்டது. 1890-இல் நவம்பர், 1907-இல் அக்டோபர். 1884, 1893 நெருக்கடிகள் மே மாதத்தில் வெடித்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவடை மட்டுமே காரணம் என்றால் அது மிகை.

உழவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கத் தேசிய வங்கிகளுக்கு அனுமதியே இல்லை. வங்கி தொடங்கக் குறைந்தது 50,000 டாலர் முதல் வேண்டும் என்பதால் போரில் நொடித்த தென்மாநிலச் சிற்றூர்களில் வங்கி எட்டாக்கனி. அந்த இடத்தை மளிகைக் கடைக்காரர் நிரப்பினார். விதை, உரம், மாவு, பன்றியிறைச்சி எல்லாம் கடனுக்கு. ஈடாக, இன்னும் முளைக்காத பயிர். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. 1880-களின் ஜார்ஜியாவில் இந்த விலை வேறுபாட்டுக்குள் ஒளிந்திருந்த வட்டி ஆண்டுக்கு 50 விழுக்காட்டையும் தாண்டியது என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ரோஜர் ரான்சமும் ரிச்சர்ட் சட்சும் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். கடைக்காரர் பருத்தியே போடச் சொல்வார், பருத்திதான் உடனே காசாகும். எல்லாரும் பருத்தி போட்டு, எல்லாரும் ஒரே மாதத்தில் விற்றால் விலை என்ன ஆகும்? 1880-களின் தொடக்கத்தில் புஷல் ஒரு டாலருக்கு மேல் விற்ற கோதுமையும் 1894-இல் சுமார் 50 சென்ட்டுக்கு வந்து நின்றது.

இதற்கு விடை சொன்னவர் டெக்சாஸில் மருத்துவமும் வழக்குரைஞர் தொழிலும் பார்த்த சார்லஸ் மக்யூன். உழவர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவரான அவர், 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் துணைக் கருவூலத் திட்டத்தை வைத்தார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் விளைபொருள் விற்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு ஒரு கிடங்கு கட்ட வேண்டும். உழவர் தன் பருத்தியையோ கோதுமையையோ அங்கே இறக்கிவிட்டு, அதன் மதிப்பில் 80 விழுக்காட்டை அரசு நோட்டாகக் கடன் பெறுவார். வட்டி 1 விழுக்காடு. விலை ஏறும்வரை பொறுத்திருந்து ஓராண்டுக்குள் விற்றுக் கடனை அடைக்கலாம். அறுவடையில் நோட்டு பெருகும், விற்று முடிந்ததும் தானே சுருங்கும். பருவப் பணமுடை, விலை வீழ்ச்சி, கந்துவட்டி மூன்றையும் ஒரே கிடங்கில் பூட்டிவிடப் பார்த்த திட்டம் இது. 1890-இல் நாடாளுமன்றத்துக்கு மசோதாவாக வந்து அங்கேயே கிடந்தது. வால் தெருவும் அதன் நாளேடுகளும் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கின. அந்தக் காலத்துப் பணத் திட்டங்களில் மிகவும் தெளிவாகச் சிந்திக்கப்பட்டது இதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

1892-இல் ஒமாஹாவில் எழுந்த மக்கள் கட்சி இத்திட்டத்தை ஏற்றது. அதன் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். ஆனால் அடுத்த நான்காண்டில் கிடங்கு பின்னுக்குப் போய் வெள்ளி முன்னுக்கு வந்தது. 1873-இல் வெள்ளி டாலரைக் கைவிட்ட நாணயச் சட்டத்தை மாற்று, பணம் பெருக வரம்பின்றி வெள்ளி நாணயம் அடி என்பது மேடையில் சொல்ல எளிது; சுரங்க முதலாளிகளின் பணமும் அதற்குப் பின்னால் இருந்தது. வெள்ளியின் கழுத்தை இறுக்கியதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு: 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு தன் நாணயச்சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியதும் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. அமெரிக்கக் கருவூலம் மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கக் கட்டாயப்படுத்திய 1890-ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் ரத்தாயிற்று. 1896-இல் 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வெள்ளியை வைத்துப் போட்டியிட்டு, 65 லட்சம் வாக்குகள் பெற்றும் குடியரசுக் கட்சியின் மெக்கின்லியிடம் தோற்றார். பிறகு தென்னாப்பிரிக்கத் தங்கமும் கிளாண்டைக் தங்கமும் வரவே விலைகள் ஏறத் தொடங்கின, வெள்ளிப் பேச்சு அடங்கியது. 1900-ஆம் ஆண்டுச் சட்டம் தங்கத்தையே டாலரின் அடிப்படையாக உறுதிசெய்தது.

பருவச் சிக்கல் மட்டும் அப்படியே நின்றது. 1902 முதல் 1907 வரை கருவூலச் செயலராக இருந்த லெஸ்லி ஷா, இலையுதிர் காலத்தில் அரசுப் பணத்தை வங்கிகளில் போட்டுப் பிறகு திரும்ப எடுத்துச் சமாளித்துப் பார்த்தார். எல்லைக்கு அப்பால் கனடாவில் வங்கிகள் ஊர்தோறும் கிளை வைத்திருந்தன. நோட்டுக்கு அரசுப் பத்திர ஈடு தேவையில்லை என்பதால் அறுவடைக்கு நோட்டு விரிந்து பிறகு சுருங்கியது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் கிளை வங்கியை விரும்பவில்லை.

1907-இல் எல்லாம் ஒன்றுகூடியது. முந்தைய ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு இழப்பீடு கொடுத்த பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்களால் லண்டனிலிருந்து தங்கம் வெளியேறியது. இங்கிலாந்து வங்கி வட்டியை 6 விழுக்காடாக உயர்த்தி அமெரிக்கக் கடனை இறுக்கியது. அறுவடைப் பணம் மேற்கே போய்க்கொண்டிருந்த அக்டோபரில், ஒரு செம்புக் கம்பெனிப் பங்கை வளைத்துப்போட நடந்த முயற்சி கவிழ்ந்தது. அதோடு தொடர்புடையது என்ற பேச்சிலேயே, நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கம்பெனியின் வாசலில் 22-ஆம் தேதி காலை கூட்டம் முண்டியடித்தது. சில மணி நேரத்தில் 80 லட்சம் டாலர் பட்டுவாடா செய்துவிட்டு அது கதவை மூடியது. 24-ஆம் தேதி அழைப்புக் கடனுக்கு வட்டி 100 விழுக்காட்டைத் தொட்டும் கடன் கொடுக்க ஆளில்லை. பெரும் வங்கியாளர் ஜே. பி. மார்கன் வங்கித் தலைவர்களை அழைத்துச் சில நிமிடங்களில் 2 கோடி டாலருக்கு மேல் திரட்டி அன்றைய சந்தையைக் காப்பாற்றினார்.

மார்கன் கூட்டிய அந்தக் கூட்டத்தின் கதையைவிட, நாட்டின் மற்ற பகுதிகளில் நடந்ததே என் வாதத்துக்குப் பொருத்தமானது. வங்கிகள் திவாலாகாமலே ரொக்கம் கொடுப்பதை நிறுத்தின. ரொக்கத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. காசோலையில் 100 டாலர் வைத்திருந்தவருக்குக் கையில் 96 டாலர்தான் தேறிய நாள்களும் உண்டு. வங்கிகள் தமக்குள் காசோலைக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸ்கள் அச்சடித்த சீட்டுகள், ஆலைகள் கூலிக்குக் கொடுத்த சிறு மதிப்புக் காசோலைகள் எல்லாம் பணம்போல் கைமாறின. சட்டப்படி இவற்றில் பலவும் செல்லாதவை. வழக்குத் தொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஹார்வர்டுப் பேராசிரியர் பியட் ஆண்ட்ரூ இவற்றைத் தொகுத்து, மொத்தம் சுமார் 50 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார். அரசு கொடுக்காத நெகிழ்வான பணத்தை ஊர்களே செய்துகொண்டன. இதே ஆண்ட்ரூ பின்னர் ஜெக்கில் தீவுக்கும் போனவர்.

1908-ஆம் ஆண்டின் ஆல்ட்ரிச்–வ்ரீலண்ட் சட்டம் அவசர நோட்டுக்கு வழிசெய்து, தேசியப் பண ஆணையத்தையும் அமைத்தது. அந்த ஆணையத்துக்காகப் பொருளியலாளர் எட்வின் கெமரர் 1910-இல் எழுதிய ஆய்வு, பணத் தேவையின் பருவ ஏற்ற இறக்கத்தை எண்களால் நிறுவியது. தீவில் எழுதப்பட்ட திட்டமோ வங்கியாளர் கையில் இருக்கும் ஒரே சங்கம். 1912-இல் ஜனநாயகக் கட்சி வென்றதும் அது செத்தது. புதிய குடியரசுத் தலைவர் வில்சனின் அரசில் வெளியுறவுச் செயலராக இருந்த பிரையன் இரண்டு நிபந்தனைகளில் விடாப்பிடியாக நின்றார்: நோட்டு அரசின் பொறுப்பாக இருக்க வேண்டும், மேல்வாரியத்தைக் குடியரசுத் தலைவரே நியமிக்க வேண்டும். டெக்சாஸ் உறுப்பினர் ராபர்ட் ஹென்றியும் அவர் கூட்டாளிகளும் கிடங்கில் இருக்கும் பருத்தி, கோதுமைக்கு எதிராக நோட்டு வேண்டும் என்று மக்யூனின் பழைய கோரிக்கையையே எழுப்பினர். முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் 1913 டிசம்பர் 23 அன்று கையொப்பமான சட்டத்தைப் புரட்டினால் பேரத்தின் தழும்பு தெரியும்: ஃபெடரல் ரிசர்வ் ஏற்றுக்கொண்டு பணம் தரும் வணிக உண்டியலுக்குக் கெடு 90 நாள், வேளாண் உண்டியலுக்கு ஆறு மாதம். விதைப்பிலிருந்து விற்பனை வரைக்குமான காலம் அது. பெரும்பாலான தேசிய வங்கிகள் விளைநிலத்தின் மீது ஐந்தாண்டு வரை கடன் தரவும் அனுமதி பெற்றன. ஒரே வங்கிக்குப் பதில் பன்னிரண்டு வட்டார வங்கிகள்.

பருவத்தைப் பொறுத்தவரை மருந்து வேலை செய்தது. 1914-க்குப் பின் வட்டி விகிதத்தின் பருவ ஏற்ற இறக்கம் பெருமளவு தணிந்ததைப் பொருளியலாளர் ஜெஃப்ரி மைரன் 1986-இல் காட்டினார். விலையைப் பொறுத்தவரை அதே ஃபெடரல் ரிசர்வ் உழவருக்குத் துணை நிற்கவில்லை. 1920 ஜூனில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான தள்ளுபடி வட்டியை 7 விழுக்காடாக்கியது; அந்த ஆண்டு பவுண்டுக்கு 40 சென்ட் வரை போன பருத்தி அடுத்த வசந்தத்துக்குள் 15 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. வீழ்ச்சிக்கு ஐரோப்பியத் தேவை குறைந்ததும் காரணம் என்றாலும், தெற்கும் மேற்கும் பழியை வங்கியின் மேலேயே போட்டன.

கிடங்குத் திட்டம் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. 1916-இல் கூட்டாட்சி நில வங்கிகளும், அரசு உரிமம் பெற்ற கிடங்குகளுக்கான சட்டமும் வந்தன. 1933 அக்டோபரில் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய சரக்குக் கடன் கழகம், கிடங்கில் வைத்த பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் கடன் கொடுத்தது. விலை ஏறினால் விற்றுக் கடனை அடைக்கலாம்; ஏறாவிட்டால் பருத்தியை அரசிடமே விட்டுவிடலாம். 1889-இல் மக்யூன் கேட்டதைவிட இது தாராளமானது.