வழிநடைக் குடிநீர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரை அடைவதற்குச் சற்று முன்னே இருப்பது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியுமே திறந்திருக்கும். அவ்விரு நாட்களிலும் கடைத்தெரு நிரம்பி வழியும்; மற்ற நாட்களில் ஊர் அடங்கிக் கிடக்கும். இவ்வூருக்குத் தென்கிழக்கே காரை என்னும் சிற்றூர் உள்ளது. மழைநீர் அரித்து அரித்து மேடும் பள்ளமுமாக்கிவிட்ட களிமண் நிலம் அங்கே பரந்து கிடக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் கடலின் அடித்தரையாக இருந்தது. சுறாமீனின் பல்லையும் கடலுயிர்களின் ஓட்டையும் இன்றும் அங்கே குனிந்து பொறுக்கலாம். 1862-இல் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் இப்பகுதிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் நிலநூல் பயில்வோர் இங்கே வந்தவண்ணம் இருக்கின்றனர்.

மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் பலமுறை சென்றிருக்கிறேன். அவற்றுள் ஒரு பயணத்தை இன்று எண்ணினாலும் என் மனம் கூசுகிறது. அன்று புதன்கிழமை. சிறுவாச்சூர்க் கடைத்தெருவில் ஆளரவமே இல்லை. எடுத்துச் சென்ற நீர் பிற்பகலுக்குள் தீர்ந்துபோயிற்று. வழியில் ஓர் ஏரி தென்பட்டது. நீரோ செம்மண் கலங்கல். என் பையில் தேற்றான் கொட்டை இருந்தது. அதைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து, நீரை ஊற்றி, கலங்கல் படியும்வரை காத்திருந்து, வேட்டியை மடித்து வடிகட்டினேன். நீர் பளிங்குபோல் தெளிந்தது. நம் முன்னோர் அறிவைப் பார்த்தீர்களா என்று மாணவர்களிடம் பெருமையும் பேசினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து பார்த்தார். “தெளிஞ்சா மட்டும் போதாதுங்க ஐயா, காய்ச்சிக் குடிங்க” என்றார். விறகு தேடச் சோம்பி, அவர் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. இரு வாரத்திற்குள் இரண்டு மாணவர்கள் குடற்காய்ச்சலில் விழுந்தனர். ஒருவன் அவ்வாண்டுத் தேர்வையே எழுத முடியவில்லை. ஏரி நீர்தான் காரணம் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. என் மனத்துக்கு மெய்ப்பு வேண்டியிருக்கவும் இல்லை. நீரை வடிக்கும் கலையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

தேற்றான் கொட்டை பொய்யானதன்று. நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து அடியில் படியவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கிருமிகளில் ஒரு பகுதியும் அத்துடன் படியும். எஞ்சியவை தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை நான் உணர்ந்திருக்கவில்லை.

துணியையும் இகழ்தல் கூடாது. உயிர்களுக்கு ஊறு நேராதிருக்கச் சமணர் நெடுங்காலமாக நீரைத் துணியில் வடித்தே பருகி வருகின்றனர். நரம்புச் சிலந்தி என்றொரு கொடிய நோய் நம் நாட்டில் இருந்தது. கால் புண்ணிலிருந்து நூல்போல் நீண்ட புழு வெளிவரும், வலியோ சொல்லுந்தரமன்று. சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீருயிர் அப்புழுவின் குஞ்சைச் சுமக்கிறது என்று 1870-இல் பெட்சென்கோ என்ற உருசிய அறிஞர் கண்டார். அந்நீருயிர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவினது. ஆகவே துணியே அதற்குப் போதிய வேலியாயிற்று. நீரை வடித்துக் குடித்தல், படிக்கிணறுகளை மாற்றியமைத்தல், நீரில் மருந்திடுதல் ஆகிய எளிய வழிகளால் இந்தியாவில் அந்நோய் ஒழிந்தது. கடைசி நோயாளி 1996-இல் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்றளித்தது. இந்நோயை ஒழிக்க ஆப்பிரிக்காவில் வழிப்போக்கர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளச் சல்லடை வைத்த சிறு உறிஞ்சுகுழல் வழங்கப்பட்டது. இன்று மலையேறுவோர் விலை கொடுத்து வாங்கும் குழல் வடிகட்டிகளுள் ஒன்று அதன் வழியில் வந்ததே.

வங்காள தேசத்துச் சிற்றூர்களில் பழைய பருத்திச் சேலையை நான்காய் மடித்து நீரை வடித்தபோது, காலரா 48 சதவீதம் குறைந்ததென்று 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புதுச் சேலையினும் பழஞ்சேலையே மேலாம். துவைக்கத் துவைக்க நூலிழை பிரிந்து துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். மடித்த சேலையின் கண் ஏறத்தாழ 20 மைக்ரான். காலராக் கிருமி அதனினும் மிகச் சிறியதே. ஆயினும் அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டிருப்பதால் அவற்றோடு சேர்ந்து அகப்படுகிறது. குடற்காய்ச்சல் கிருமியோ ஒரு மைக்ரான் பருமன்கூட இல்லாதது. தனியே மிதந்து வரவல்லது. என் வேட்டி அதற்குத் திறந்த வாயில்.

அவ்வாயிலை அடைத்தவர் மேல்நாட்டார். 1884-இல் பாஸ்டரின் துணைவர் சேம்பர்லாந்து, மெருகிடாத பீங்கான் குழாயில் நீரை ஊடுருவச் செய்து கிருமிகளைத் தடுத்தார். 1891-இல் செருமனியில் பெர்க்கெபெல்டு என்பவர் ஒருவகை வெள்ளை மண்ணைச் சுட்டு வடிகட்டி செய்தார். நம் வீடுகளில் இருந்த எவர்சில்வர் ஃபில்டரின் ‘கேண்டில்’ இவற்றின் இனமே. அவ்வெள்ளை மண் யாது? டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகள் பண்டை நீர்நிலைகளில் படிந்து உண்டானது. காரையில் நாம் பொறுக்கும் ஓடுகளுக்கு அதுவும் ஒருவகையில் உறவு. அடுத்த ஆண்டே, 1892-இல், ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு 8,000 பேருக்கு மேல் இரையாயினர். அதே ஆற்று நீரை மணற்படுகையில் வடித்துக் குடித்த அண்டை நகர் ஆல்ட்டோனா பெரும்பாலும் தப்பியது.

வெற்றி முழுமையானது என்று எண்ணுமுன் மற்றொரு செய்தி வந்தது. அதே 1892-இல் உருசியாவில் இவனோவ்ஸ்கி என்ற இளைஞர், நோயுற்ற புகையிலைச் சாற்றைச் சேம்பர்லாந்தின் பீங்கானில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது! பீங்கானையும் கடந்து செல்லும் ஒன்று உலகில் உண்டென்று அறிந்தோம். அதனை இன்று வைரஸ் என்கிறோம். வடிகட்டி தோற்ற இடத்தில் ஓர் அறிவுத்துறையே பிறந்தது என்பது எனக்கு என்றும் வியப்பூட்டுவது.

இன்று மாணவர்கள் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளும் வடிகட்டிகள் பலவற்றில், உள்ளே துளையுள்ள நுண்ணிழைகள் கற்றையாக உள்ளன. சிறுநீரக நோயாளியின் குருதியைத் தூய்மை செய்யப் பயன்படும் இழைகளைப் போன்றவை அவை. அவற்றின் கண் 0.1 அல்லது 0.2 மைக்ரான், குடற்காய்ச்சல் கிருமியும் வயிற்றுக்கடுப்பு அமீபாவும் நுழைய முடியா. மஞ்சட்காமாலை தரும் வைரஸ் ஒன்று மைக்ரானில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு, அது நுழைந்துவிடும். ஆகையால் கடைக்காரர் எத்துணைப் புகழ்ந்தாலும், கண்ணின் அளவு எத்தனை மைக்ரான் என்று முதலில் கேளுங்கள். மக்கள் வாழும் இடத்து நீராயின், வடித்தபின் குளோரின் மாத்திரையிட்டு அரைமணி நேரம் பொறுத்திருங்கள். அன்றேல் கொதிக்க வையுங்கள். கலங்கல் நீரில் மாத்திரையின் ஆற்றல் வீணாகும். வடிகட்டியும் விரைவில் அடைபடும். அங்கேதான் தேற்றான் கொட்டைக்கும் பழந்துணிக்கும் உரிய இடம் உண்டு. முதற்படியாக அவற்றை நான் இன்றும் கைவிடவில்லை.

சென்ற முறை காரைக்குப் போனபோது மாணவன் ஒருவன் விலையுயர்ந்த இழை வடிகட்டி வைத்திருந்தான். களிமண் நிலத்தின் ஓரத்துக் கிணற்று நீரை அதில் வடித்து, மாத்திரையும் இட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து பருகினான். முகம் சுளித்தான். “ஐயா, கரிக்கிறதே!” என்றான். அக்களிமண்ணில் ஜிப்சம் கொடிகொடியாக ஓடுவதைக் காலையில்தான் அவனுக்குக் காட்டியிருந்தேன். நீரில் கரைந்த உப்பு எந்த இழையிலும் தங்குவதில்லை. சிறுவாச்சூர்க் குழாயில் பிடித்து, முந்தின இரவே காய்ச்சி ஆறவைத்து எடுத்து வந்த கேனை அவன் பக்கம் நகர்த்தினேன்.