கடலூர்க் கரையும் கப்பற்பணியில் பெண்களும்: ஒரு வரலாற்று ஆய்வு

கடல் கடந்து பொருள் தேடப் போகிறவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். மணிமேகலைக் காப்பியமும் அந்த வழக்கத்தைத் தாண்டவில்லை. சாதுவன் மரக்கலம் ஏறுகிறான், கலம் உடைகிறது, அவன் இறந்தான் என்ற செய்தி கேட்டுப் புகாரில் இருக்கும் அவன் மனைவி ஆதிரை தீப்புகுகிறாள். காப்பிய நாயகி மணிபல்லவத் தீவுக்குப் போகிறாள்தான். ஆனால் தெய்வம் அவளை வான்வழியே எடுத்துச் செல்கிறது. பின்னர் சாவக நாட்டு அரசன் புண்ணியராசன் அதே தீவுக்கு வரும்போது, அவன் கப்பலில் வருகிறான், மணிமேகலையோ மீண்டும் வான்வழியே போகிறாள்.

ஏட்டில் இப்படி இருக்க, நம் கரையில் பெண்கள் நீரை விட்டு விலகி நின்றதே இல்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம், கிள்ளைப் பகுதிகளில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பிடித்த இறால் அதில் சேரும். கடலூர் முதுநகரில் மீன் கரைக்கு வந்தபின் ஏலம், கருவாடு, சந்தை, கடன் கணக்கு என்று பெரும்பகுதி பெண்கள் கையில்தான். ஆகவே, கடல் பெண்ணுக்கு ஒத்துவராது என்ற பேச்சுக்கு இந்த மாவட்டத்தில் ஆதாரம் கிடையாது. அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது சம்பளமும் தேர்வும் பதவி உயர்வும் உள்ள கப்பல் தளம். அது எப்போது, யாரால் திறந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

காலனியாட்சிக் காலத்தில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தார்கள், ஒப்பந்தக் கூலிகளாக. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் குடும்பத்தோடும் தனியாகவும் பெண்கள் இருந்தார்கள். கூலிக் கப்பல்களில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசே விதி வைத்திருந்தது. கப்பலின் அடித்தளத்தில் பெண்ணுக்கு இடம் ஒதுக்கிய சட்டத்துக்கு மேல்தளத்தில் அவளுக்கு ஓர் இடம் தரத் தோன்றவில்லை. அதே நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கப்பல்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து வணிகம் செய்தன. அங்கும் கப்பலோட்டியவர்கள் ஆண்களே. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய்விரித்துப் போன கப்பலுக்குக் கட்டியபோது இட்ட பெயர் ‘அன்னபூரணி அம்மாள்’. பெண்ணின் பெயரில் பிறந்த கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டியது. பெண்கள் கரையிலேயே இருந்தார்கள்.

இந்தியக் கப்பல்துறையில் பெண் முதலில் நுழைந்தது நிர்வாகத்தின் வழியாக. 1919இல் தொடங்கிய சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தில் இளம் வயதிலேயே பொறுப்பேற்ற சுமதி மொரார்ஜி, 1946இல் நிறுவனத்தின் முழுப் பொறுப்புக்கும் வந்தார். 1956இல் இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்தின் தலைவரானார். உலகில் அத்தகைய சங்கமொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். ஆனால் இந்தியக் கப்பல்களின் தளத்துக்குப் பெண் அதிகாரிகள் வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. சோவியத் ஒன்றியத்தில் அன்னா ஷெட்டினினா 1935இலேயே கேப்டனாகிவிட்டதை நினைத்துப் பார்த்தால், நம் தாமதத்தின் நீளம் புரியும்.

திருப்பம் 1990களில் வந்தது. கொடுங்கல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன் பொதுத்துறை நிறுவனமான இந்தியக் கப்பல் கழகத்தில் ரேடியோ அதிகாரியாகச் சேர்ந்தார். 1995இல் கொல்கத்தாவின் அரசுக் கடல்சார் பொறியியல் நிறுவனத்தில் சோனாலி பானர்ஜி சேர்ந்தபோது, 1,500 மாணவர்களுக்கு நடுவே அவர் ஒருவரே பெண். மாணவியர் விடுதி இல்லாததால் அதிகாரிகள் குடியிருப்பில் தங்கவைத்தார்கள். 1999இல் அவர் பட்டம் பெற்றார்.

ராதிகா மேனன் தளத்துப் பணிக்கு மாறி, ஒவ்வொரு தகுதித் தேர்வாக எழுதி, இந்திய வணிகக் கப்பல்துறையின் முதல் பெண் கேப்டன் ஆனார். 2015 ஜூனில் ‘சம்பூர்ண ஸ்வராஜ்’ டேங்கர் அவர் பொறுப்பில் ஒடிசாவின் கோபால்பூருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அப்போது ‘துர்கம்மா’ என்ற மீன்பிடிப் படகு எஞ்சின் பழுதாகி, நங்கூரமும் போய், ஏழு பேரோடு அலைக்கழிந்தது. உணவும் நீரும் இல்லை. அலை 25 அடி உயரத்துக்கு எழுந்தது. அத்தனை பெரிய டேங்கரைச் சிறு படகுக்கு அருகே கொண்டுவந்தால், கப்பலே படகை நசுக்கிவிடும் அபாயம் உண்டு. கப்பலை மெல்லத் திருப்பி, பைலட் ஏணியை இறக்கி, உயிர்க்காப்பு மிதவைகளை வீசி, பலமுறை முயன்று ஏழு பேரையும் மேலேற்றினார்கள். 2016இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருது ராதிகா மேனனுக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. கடலுக்குப் போன படகு திரும்பாத இரவு எப்படி இருக்கும் என்று அறிந்த கடலூரின் தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் சொல்லப்பட வேண்டிய வரலாறு இது.

சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கானாத்தூர் அமெட் கடல்சார் கல்வி நிறுவனத்தில் படித்தவர். கொல்கத்தா துறைமுகத்தில் 2011இல் பயிற்சிக்குச் சேர்ந்து, 2018இல் முழுத் தகுதி பெற்ற பைலட் ஆனார். ஹூக்ளி வழித்தடம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் கேப்டனுக்கு அந்த ஆற்றில் வழி சொல்பவர் பைலட்தான்.

ராதிகா, சோனாலி, ரேஷ்மா மூவருக்கும் முக்கியக் கதவைத் திறந்த இடங்களைப் பாருங்கள்: இந்தியக் கப்பல் கழகம், அரசுப் பயிற்சி நிறுவனம், கொல்கத்தா துறைமுகம். மூன்றும் அரசைச் சார்ந்தவை. 2021 மார்ச்சில் அதிகாரிகள் அனைவரும் பெண்களாக ‘ஸ்வர்ண கிருஷ்ணா’ டேங்கரை அனுப்பியதும் இந்தியக் கப்பல் கழகமே.

ஆனாலும் எண்ணிக்கை சிறிது. 2021இல் வெளியான பன்னாட்டு அறிக்கைப்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் 24,059 பேர், நூற்றுக்கு 1.28. படித்து முடித்தாலும் கேடட்டாகக் கப்பல் ஏறிக் கடற்சேவைக் காலத்தைக் காட்டினால்தான் அடுத்த தேர்வு எழுத முடியும். அந்த முதல் கப்பல் கிடைப்பதில்தான் பெண்கள் தேங்கிப்போகிறார்கள். ஏறியபிறகும் பாய்லர் சூட், பாதுகாப்புக் காலணி, கையுறை எல்லாம் ஆண் அளவில். கடலோடிகளுக்குப் பொருந்தும் அளவில், பெண்களையும் கருத்தில் கொண்டு, பாதுகாப்புக் கவசங்கள் தரப்பட வேண்டும் என்ற திருத்தம் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

கடலூருக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கடற்படையின் ‘தாரிணி’ பாய்க்கப்பலில் சக அதிகாரி தில்னாவோடு இருவர் மட்டுமாக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். திறமைக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை; பாதைதான் இல்லை. கடலூரில் துறைமுகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961 முதல் இயங்குகிறது. இவற்றோடு மாலுமிப் பயிற்சியையும், மீனவ, இருளர் குடும்பப் பெண்களுக்கான இடங்களையும், படிப்பு முடித்தவருக்கு முதல் கப்பலை உறுதிசெய்யும் ஒப்பந்தத்தையும் அரசு சேர்க்க வேண்டும்.